ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டுமுன் அந்த ஓர் எண்ணைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் பன்னிரண்டாவது மாடியில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கூடமும் பெரிய படுக்கையறையும் மேற்குப் பார்த்தவை. நாங்கள் வீடு பார்க்க வந்தது ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. காற்று சிலுசிலுவென்று வந்தது, எதிர் புளோக் நன்றாகத் தள்ளி இருந்தது, உடனே பிடித்துப்போனது. சாயங்காலம் மூன்றரை நான்கு மணிக்கு ஒரு தடவை வந்து நின்று பார்த்திருந்தால் விலையிலாவது கொஞ்சம் பேசியிருப்போம்.

குடிவந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று மணிக்கு ஜன்னலோரம் விழும் வெயில், ஐந்து மணிக்குக் கூடத்தைக் கடந்து எதிர்ச்சுவரில் இருக்கும் பூசை அலமாரிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காலையில் தேக்காவில் வாங்கிவந்து சாத்திய மல்லிகைச் சரம் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஓரமெல்லாம் பழுப்பேறிச் சுருங்கிவிடும். குத்துவிளக்கைத் துடைக்க எடுத்தால், திரி போடுவதற்கு முன்பே பித்தளை கையில் சுடும். அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த என் மாமனாரின் படத்தில் அவர் போட்டிருந்த நீலச் சட்டை நான்கைந்து வருடத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. அதற்கு வேறு பிரதி கிடையாது. இன்றுவரை எனக்கு அது மனத்தாங்கல்தான்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தடவை ஜன்னலுக்குச் சோலார் ஃபிலிம், அதாவது வெயிலைக் குறைக்கக் கண்ணாடிமேல் ஒட்டும் மெல்லிய படலம், ஒட்டிவிட்டோம். முதல் தடவை போட்ட பணம் வீண். இரண்டாவது தடவை ஓரளவு விவரம் தெரிந்து செய்தோம், பலன் இருந்தது. இப்போது கோயிலிலும் மார்க்கெட்டிலும் தெரிந்தவர்கள் ஃபிலிம் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் விற்கிறவர்கள் ஒவ்வொரு கதை சொல்லியிருக்கிறார்கள். 97 விழுக்காடு வெப்பத்தைத் தடுக்கும் என்று ஒருவர், 99 என்று இன்னொருவர். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது, ஏனென்றால் நானும் அப்படி ஒரு எண்ணை நம்பித்தான் ஏமாந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நடந்தது இது. வீட்டுச் சாமான் கண்காட்சி ஒன்றில் ஒரு கடைக்காரர் சிறு பெட்டி வைத்திருந்தார். உள்ளே சிவப்பாக எரியும் விளக்கு, அதன் முன்னால் இரண்டு கண்ணாடி, ஒன்று வெறும் கண்ணாடி, மற்றது ஃபிலிம் ஒட்டியது. "கையை வச்சுப் பாருங்க அக்கா" என்றார். வெறும் கண்ணாடிக்குப் பின்னால் கை சுட்டது, ஃபிலிம் ஒட்டியதற்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று அங்கேயே முன்பணம் கட்டிவிட்டேன். ஃபிலிமும் நல்ல கறுப்பு. கறுப்பாக இருந்தால் வெயிலை நிறுத்தும் என்றுதான் நானும் நினைத்தேன், என் கணவரும் நினைத்தார்.

ஒட்டிய பிறகு வீடு இருட்டியது, வெப்பம் பெரிதாகக் குறையவில்லை. பிள்ளைகள் நான்கு மணிக்கே விளக்கு போட்டுத்தான் படித்தார்கள். பத்து வெள்ளிக்கு ஒரு சின்ன வெப்பமானி வாங்கி சோபாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒட்டுவதற்கு முன் சாயங்காலம் 34 டிகிரி காட்டும், ஒட்டியபின் 33க்கும் 34க்கும் நடுவே நின்றது. ஆனால் கண்ணாடியைத் தொட்டால் முன்னைவிட அதிகமாகச் சுட்டது! அது ஏன் என்று அப்போது புரியவில்லை. மூன்றாவது வருடம் ஃபிலிம் ஊதா நிறமாக மாற ஆரம்பித்தது, கூடமே கத்தரிக்காய்ப் பூ நிறத்தில் இருக்கும். உத்தரவாதம் ஐந்து வருடம் என்று தாளில் இருந்தது, ஆனால் அந்தக் கடை அப்போது இல்லை, எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுக்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் பொறியியல் பின்னணி ஏதும் இல்லை, தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், ஆனால் இந்தக் கணக்கு யாருக்கும் புரியக்கூடியதுதான்.

வெயிலில் மூன்று பங்கு இருக்கிறது. புற ஊதாக் கதிர் மிகக் குறைவு, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஏறக்குறைய நாற்பத்து நாலு. மீதி, அதாவது பாதிக்குச் சற்று மேல், அகச்சிவப்புக் கதிர். இதில் எல்லாரும் தவறவிடுவது நடுவில் உள்ளதை. வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு என்று நாம் நினைக்கிறோம். உள்ளே வரும் வெளிச்சமும் தரையிலும் சோபாவிலும் விழுந்து வெப்பமாகத்தான் மாறுகிறது.

இதை வைத்துப் பார்த்தால், "70 விழுக்காடு வெளிச்சம் வரும், 90 விழுக்காடு வெப்பம் நிற்கும்" என்று ஒருவர் சொன்னால் அது நடக்கவே முடியாதது என்று உடனே தெரிந்துவிடும். வெளிச்சத்தில் மட்டுமே நாற்பத்து நாலு பங்கு இருக்கிறது. அதில் எழுபது விழுக்காட்டை உள்ளே விட்டால் மொத்த வெயிலில் முப்பது விழுக்காடு அப்போதே வீட்டுக்குள் வந்தாயிற்று. மற்ற கதிர்களில் ஒரு துளிகூட விடாமல் தடுத்தால்கூட 70 விழுக்காட்டைத் தாண்ட வழியில்லை. நிஜத்தில் அதுவும் கிடைக்காது. நல்ல விலையுள்ள, வெளிச்சத்தை விட்டு அகச்சிவப்பை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் ஃபிலிம்களில்கூட மொத்தத் தடுப்பு ஐம்பது சொச்சம்தான் வரும்.

சரி, அந்த 97 எங்கிருந்து வருகிறது? அது அகச்சிவப்பில் மட்டும் எடுத்த அளவு. அதிலும் பல நேரம் முழு அகச்சிவப்புப் பட்டையையும் அளப்பதில்லை, ஃபிலிம் நன்றாக வேலை செய்யும் ஒரு குறுகிய பகுதியை மட்டும் அளந்து அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். பொய் என்று வழக்குப் போடவும் முடியாது, உண்மை என்று நம்பவும் முடியாது. அந்த விளக்குப் பெட்டியும் அப்படித்தான். அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்பு, வெயிலைப் போலப் பாதி வெளிச்சம் அதில் இல்லை, அதனால் அகச்சிவப்பைப் பிடிக்கும் எந்த ஃபிலிமும் அதன் முன்னால் பிரமாதமாகத் தெரியும். மேலும் நாம் கை வைப்பது பத்து விநாடி. அதற்குள் ஃபிலிம் உறிஞ்சிய சூடு கண்ணாடியிலிருந்து நம் பக்கம் திரும்ப நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் கண்ணாடி ஏன் அவ்வளவு சுட்டது என்பதற்கும் இதுவே பதில். சாயம் ஏற்றிய ஃபிலிம் வெயிலைத் திருப்பி அனுப்பாது, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறிஞ்சியதில் ஒரு பெரும் பகுதி வெளியே போகும், மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட உள்ளே வரும். மாலை முழுக்க நாங்கள் ஒரு சூடான தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

ஆகவே கேட்கவேண்டிய எண் ஒன்றுதான்: மொத்தச் சூரிய வெப்பத் தடுப்பு. விவரத்தாளில் டிஎஸ்இஆர் என்று போட்டிருக்கும். புற ஊதா, வெளிச்சம், அகச்சிவப்பு மூன்றையும் சேர்த்து, உறிஞ்சித் திரும்பி வரும் சூட்டையும் கழித்து வருகிற எண் அது. சில தாளில் அதற்குப் பதிலாக எஸ்எச்ஜிசி இருக்கும், அது உள்ளே வரும் பங்கைச் சொல்வது, 0.45 என்றால் 55 விழுக்காடு தடுப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயமும் நினைவிருக்கட்டும்: ஒன்றும் ஒட்டாத ஆறு மில்லிமீட்டர் வெறும் கண்ணாடிக்கே ஏறக்குறைய 18 விழுக்காடு தடுப்பு உண்டு. ஆகவே 35 என்று போட்ட ஒரு ஃபிலிமுக்குப் பணம் கொடுத்தால் நீங்கள் உண்மையில் வாங்குவது 17தான்.

எங்கள் கூடத்து ஜன்னல் கண்ணாடி எல்லாம் சேர்த்து நான்கு சதுர மீட்டர், அதாவது நாற்பத்து மூன்று சதுர அடி. மேகமில்லாத சாயங்காலத்தில் மேற்குப் பார்த்த கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் தாராளமாக விழும். மொத்தம் 2,000 வாட். வெறும் கண்ணாடி என்றால் அதில் 1,640 வாட் உள்ளே வரும். 55 விழுக்காடு தடுக்கும் ஃபிலிம் ஒட்டினால் 900 வாட். 740 வாட் குறைகிறது. நம் படுக்கையறைகளில் இருக்கும் 9,000 பிடியு ஏர்கோன் முழு மூச்சாக ஓடினால் வெளியேற்றும் வெப்பம் ஏறக்குறைய 2,600 வாட். அதில் கால் பங்குக்கு மேல் ஃபிலிமே பார்த்துக்கொள்கிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் மின்கட்டணத்தில் ஒரு வருடத்தில் ஃபிலிம் காசு திரும்பிவிடும் என்று சொல்கிறார்களே, அதை நம்பாதீர்கள். ஒரு சராசரி வீட்டு மின்சாரத்தில் கால் பங்கு ஏர்கோனுக்குப் போகிறது என்ற தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கைக் காட்டி, அது மொத்தமும் மிச்சமாகும் என்பது போலப் பேசுவார்கள். அந்த 740 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஒரு நல்ல ஏர்கோனுக்கு ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் போதும். தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு 18 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தாலும் ஐந்தரை வெள்ளிக்குள். சதுர அடி 12 வெள்ளி என்று நாங்கள் 500 வெள்ளிக்கு மேல் கொடுத்தோம். மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் எட்டு வருடம் ஆகும். நாங்கள் ஒட்டியது கட்டணத்துக்காக அல்ல, சாயங்காலம் நம் வீட்டுக் கூடத்தில் நாமே உட்கார முடியவேண்டும் என்பதற்காக. அந்த எண்ணத்தோடு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

எந்த ஜன்னலுக்கு ஒட்டுவது என்பதிலும் நிறைய பணம் வீணாகிறது. முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு விலை என்று விற்கிறார்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.3 டிகிரிதான் தள்ளி இருக்கிறது. சூரியன் மார்ச்சிலும் செப்டம்பரிலும் நேர் தலைக்குமேல் போகும், ஜூனில் கொஞ்சம் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். எப்படிச் சாய்ந்தாலும் உச்சியில் இருக்கும்போது வடக்கு, தெற்கு ஜன்னல்களில் வெயில் சரிந்துதான் விழும், மேலே ஒரு சிறு சன்ஷேடு இருந்தாலே பெரும்பகுதி நின்றுவிடும். கிழக்கும் மேற்கும் அப்படி இல்லை, வருடம் முழுக்க வெயில் தாழ்வாக வந்து நேராக உள்ளே நுழையும். 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து நமக்கு உச்சி வெயிலே பகல் ஒரு மணிவாக்கில்தான், அதனால் மேற்கு வெயில் ஏழு மணிவரை நீள்கிறது. கிழக்கு ஜன்னலுக்காவது காலையில் வீடு இரவு முழுக்க ஆறியபின் வெயில் வருகிறது. மேற்குக்கு, வெளிக்காற்று பகல் முழுக்கச் சூடேறிய பிறகு, அதற்குமேல் வெயிலும் சேர்ந்து வருகிறது. ஆகவே பணம் குறைவாக இருந்தால் மேற்கை மட்டும் செய்யுங்கள், மிச்சம் இருந்தால் கிழக்கு. எங்கள் சமையலறை வடக்குப் பார்த்தது, துணி காயப்போடும் கம்பிகளே அதற்குப் போதுமான நிழல், ஒரு காசு செலவழிக்கவில்லை.

ஃபிலிம் வகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாயம் ஏற்றியது மலிவு, வெளுக்கும், நிறம் மாறும், என் கதை அது. உலோகப் பூச்சு உள்ளது வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும், வெப்பத்துக்கு நல்லது, ஆனால் வெளியே பளபளக்கும், சில வீடுகளில் கைப்பேசி அலைவரிசையும் தடுமாறும். உலோகத்துக்குப் பதில் செராமிக் துகள் கலந்த வகைக்கு அந்தத் தொல்லை இல்லை, பளபளப்பும் குறைவு, விலை கூட. இரண்டாவது தடவை நாங்கள் எடுத்தது செராமிக். வெளிச்சம் 40 விழுக்காடு உள்ளே வரும், மொத்தத் தடுப்பு 55. என் கணவர் முதலில் கார் ஃபிலிம் கணக்கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார், முன்கண்ணாடிக்கும் முன்பக்க ஜன்னலுக்கும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் வரவேண்டும், பின்னால் 25 என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கும் விதி. அது சாலையில் கண் தெரிவதற்காக வைத்த விதி, வீட்டு வெப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டைப் பொறுத்தவரை பிள்ளைகள் விளக்கு போடாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

"இன்சுலேஷன்" உண்டு என்று கூடுதல் விலை சொன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். வெளியே 32, உள்ளே 25 என்றால் வித்தியாசம் ஏழு டிகிரி. அந்த ஏழு டிகிரியால் வெறும் கண்ணாடி வழியாகக் கடந்து வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 40 வாட்தான். நேர் வெயிலால் வருவது அதைப்போலப் பத்து மடங்கு. பனி பெய்யும் நாட்டில் அந்தக் கணக்கு வேறாக இருக்கும், நமக்கு வெயிலை நிறுத்துவதுதான் முக்கியம்.

அடுத்தது மறைவு. பகலில் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது என்பது உண்மைதான், பளபளக்கும் ஃபிலிம் என்றால் கட்டாயம். ஆனால் அது வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அதைப் பொறுத்தது. இரவில் உள்ளே விளக்கு போட்டதும் தலைகீழாகிவிடும், நமக்கு ஜன்னலில் நம் முகம் தெரியும், எதிர் புளோக்காருக்கு நம் வீடே தெரியும். என் தோழி ஒருவர் ஃபிலிம் ஒட்டிய தைரியத்தில் திரைச்சீலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒருநாள் இரவு கீழே இறங்கி மேலே பார்த்த பிறகுதான் பதறி ஓடிவந்து திரும்ப மாட்டினார். திரைச்சீலை இருக்கட்டும், இரவுக்கு அது வேண்டும்.

கண்ணாடி வெடிப்பதைப் பற்றி விற்கிறவர்கள் யாரும் வாயே திறப்பதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். அதிகம் உறிஞ்சும் ஃபிலிமை ஒட்டினால் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரியும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். நடு இழுக்கும், ஓரம் விடாது. வெட்டியபோது ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால் அங்கிருந்து விரிசல் கிளம்பும். கம்பி வைத்த கண்ணாடி, ஏற்கெனவே நிறம் ஏற்றிய கண்ணாடி, இரண்டு அடுக்குக் கண்ணாடி, இவற்றில் இந்த ஆபத்து அதிகம். பாதிக் கண்ணாடியில் வெயிலும் பாதியில் நிழலும் விழுந்தால் இன்னும் அதிகம். சூடேற்றி உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடி நன்றாகத் தாங்கும், அதன் மூலையில் பெரும்பாலும் சின்ன முத்திரை இருக்கும், குனிந்து பாருங்கள். எங்கள் உறவினரின் கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீட்டில், உயரமான அலமாரி ஒன்று ஜன்னலின் பாதியை மறைத்தபடி நின்றது. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய இரண்டாவது மாதம் அந்தக் கண்ணாடியில் கீழ் ஓரத்திலிருந்து ஒரு கோடு ஓடியது. ஃபிலிம்காரர் கண்ணாடிமேல் பழிபோட்டார், கண்ணாடிக்காரர் ஃபிலிம்மேல் பழிபோட்டார், காசு கொடுத்தது உறவினர். ஆகவே உத்தரவாதத் தாளில் கண்ணாடி உடைவதும் சேர்ந்திருக்கிறதா, உத்தரவாதம் கொடுப்பது கடையா, ஃபிலிம் தயாரித்த நிறுவனமா என்று பாருங்கள். கூட்டுரிமை வீடு என்றால் வெளித்தோற்றம் மாறக்கூடாது என்று நிர்வாகத்தில் விதி இருக்கும், ஒட்டுவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், ஒட்டிய பிறகு உரிக்கச் சொன்னால் அந்தச் செலவும் நம் தலையில்.

இரண்டாவது தடவை ஒட்ட வந்தவர் ஜொகூரிலிருந்து தினம் வந்துபோகும் தம்பி ஒருவர், கூட ஓர் உதவியாள். அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் முக்கால் மணி நேரம் அவர் ஃபிலிமைத் தொடவே இல்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், தூசி பறக்கும் என்று. சட்டத்தின் ஓரத்தை ஈரத்துணியால் துடைத்து, பிளேடால் கண்ணாடி முழுக்கச் சுரண்டி எடுத்தார், பழைய ஃபிலிமின் பசை பழுப்புப் பழுப்பாகச் சுருண்டு விழுந்தது. தண்ணீரில் குழந்தை ஷாம்பு நாலு சொட்டு விட்டுத் தெளித்து, மெல்லிய தாளை உரித்து, இருவரும் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து ஒட்டி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினார்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டினார். "ஒட்டி வெட்டினா ஓரம் சட்டத்துல இடிச்சு உரிஞ்சிரும் அக்கா, ஒரு மாசம் துடைக்காதீங்க, நீர்க்கொப்புளம் மாதிரி தெரியும், பயப்படாதீங்க, தானா காயும்" என்றார். மூன்றாவது வாரம் எல்லாம் காய்ந்து தெளிந்துவிட்டது. அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம், பழைய நாளிதழைக் கசக்கித் தேய்க்கும் வழக்கமும் வேண்டாம் என்று சொல்லிப் போனார், மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அதே வெப்பமானி, அதே இடம், 34 காட்டிய சாயங்காலங்களில் இப்போது 32 காட்டுகிறது. இரண்டு டிகிரிதானா என்று நினைக்கலாம். ஆனால் வெயில் மேலே விழும் எரிச்சல் குறைந்ததுதான் பெரிய வித்தியாசம், சோபாவின் அந்த மூலையில் இப்போது என் மாமியார் சாயங்காலம் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார், முன்பு அந்தப் பக்கம் போகவே மாட்டார். ஏர்கோனையும் 25இல் வைத்தாலே அறை குளிர்கிறது. ஃபிலிமால் முடியாததும் உண்டு. மேற்குச் சுவர் பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்து இரவு பத்து மணிக்கும் சூட்டைக் கக்கும், ஜன்னலில் எதை ஒட்டினாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது. தெம்பனிஸ் பக்கம் வீவக புளோக்குகளுக்கு வெப்பத்தைக் குறைக்கும் சாயம் பூசிப் பார்த்திருக்கிறார்கள், எங்கள் வட்டாரத்துக்கும் அது வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தடித்த திரைச்சீலை வெயிலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கிறது, அதாவது சூடு வீட்டுக்குள் வந்தபிறகு. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடையில் தொங்கிய மூங்கில் தட்டி வெயிலை வெளியிலேயே நிறுத்தியது, அதைவிடச் சிறந்த முறை இன்றும் இல்லை, ஆனால் பன்னிரண்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே அப்படி ஒரு தட்டியைத் தொங்கவிட முடியாது, விடவும் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது அதிகாரிகள் கண்ணில் படவேண்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன். ஏர்கோன், குளிர்பதனப் பெட்டி வாங்கப் போனால் மின்சாரத்தை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று காட்டும் டிக் முத்திரை 2008லிருந்து கட்டாயமாக இருக்கிறது. படிக்கத் தெரியாத பாட்டிகூட எத்தனை டிக் என்று எண்ணி வாங்குகிறார். வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரத்துக்கு இவ்வளவு தெளிவு இருக்கும்போது, வெப்பத்தை வாசலிலேயே நிறுத்தும் ஃபிலிமுக்கும் அப்படி ஒரு கட்டாய முத்திரை வேண்டாமா? 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்ச வெப்பமான 37 டிகிரி நாற்பது வருடம் தனியாக நின்றது, 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவும் அதைத் தொட்டுவிட்டது. இனி ஃபிலிம் வாங்குகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். மொத்தத் தடுப்பு எண்ணைப் போடாமல் அகச்சிவப்பு எண்ணை மட்டும் விளம்பரத்தில் போடக்கூடாது என்று ஒரு விதி வந்தால் போதும், பயனீட்டாளர் சங்கமும் தேசியச் சுற்றுப்புற வாரியமும் சேர்ந்து இதைப் பார்க்கவேண்டும்.

அதுவரை வாசகர்கள் விலைப்பட்டியலில் ஃபிலிமின் முழுப் பெயர், மொத்தத் தடுப்பு, உள்ளே வரும் வெளிச்சம், உத்தரவாதம் யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது. எழுத்தில் இருந்தால், சொன்ன பொருளை ஒட்டாமல் போனால், இரண்டு வருடத்துக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. என் முதல் ஃபிலிமுக்கு என்னிடம் இருந்தது ஒரு ரசீது மட்டும், அதில் "கறுப்பு ஃபிலிம், கூடம்" என்றுதான் எழுதியிருந்தது.

கடிதம் முழுவதையும் போட இடமில்லை என்றால், ஐயா, மற்றதை வெட்டிவிடுங்கள், 70 விழுக்காடு வெளிச்சம் பற்றிய அந்தக் கணக்கை மட்டும் கட்டாயம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் வாசகி